முக்கால் வக்கீலும் முதுகு வைத்த நாற்காலியும்

எவோதியோ பாரியெந்தோஸைக் கோர்தோபா ஊரில் எல்லோரும் ‘லிக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கியவனை ‘லிசென்சியாதோ’ என்று அழைப்பது மெக்சிகோ மரியாதை. முழுசாகச் சொன்னால் வாய் வலிக்கும் என்பதால் லிக். டை கட்டியவன், கக்கத்தில் கோப்பு வைத்திருப்பவன், வங்கியில் வரிசையைத் தாண்டி முன்னால் போகிறவன் எல்லோரும் எங்களுக்கு லிக்தான். எவோதியோவின் தனிச்சிறப்பு என்னவென்றால், ஹலாப்பா சட்டக் கல்லூரியில் எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு ஆய்வேட்டை மட்டும் பாக்கி வைத்தவர். இருபத்தாறு வருடமாக அந்த ஆய்வேடு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் அவரிடம் வழக்கறிஞர் உரிமம் கிடையாது. நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. வாய் திறக்க முடியாதவன் வேறென்ன செய்வான்? ஆலோசனை சொல்வான்.

ஆலோசனை கேட்டவர்கள் ஊர் முதலாளிகள். முதலாளி என்றதும் ஆலை, புகைபோக்கி என்று கற்பனை பண்ண வேண்டாம். துணிக்கடை, செருப்புக்கடை, ரொட்டிக்கடை. நாலு பேர் நின்றுகொண்டு வேலை செய்யும் இடத்தில் ஐந்தாவதாக உட்கார்ந்திருப்பவர் யாரோ, அவர்தான் முதலாளி. தலைநகரத்தில் ஒரு தொழிலாளர் சட்டம் நிறைவேறினால் இவர்களுக்குக் காய்ச்சல் வரும். லிக்குக்குப் பசி வரும். வணிகர் சங்கத்து மாடியில் கூட்டம் போடுவார். தலைப்பு எந்த வருடமும் மாறியதில்லை: ‘புதிய சட்டம்: முதலாளிகள் செய்ய வேண்டியது என்ன?’ இரண்டு மணி நேரம் பேசுவார். சுருக்கம் ஒன்றுதான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பது எப்படி.

வேலையாட்களை வேறொரு நிறுவனத்தின் பெயரில் வைத்துக்கொண்டு கைகழுவும் வழக்கத்தை அரசு தடை செய்தபோது, ரொட்டிக்கடையில் மாவு பிசைந்த கிழவரை லிக் ஒரே கையெழுத்தில் ‘மாவு விஷயங்களில் சுயேச்சை ஆலோசகர்’ ஆக்கினார். ஆலோசகர் அதன் பிறகும் காலை மூன்று மணிக்கே எழுந்து மாவு பிசைந்தார். முதல் வருடத்து விடுமுறை ஆறு நாளிலிருந்து பன்னிரண்டு நாளாக உயர்ந்தபோது, மழையால் வாடிக்கையாளர் வராத மதியங்களை எல்லாம் அரை நாள் விடுப்பு என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். கோர்தோபாவில் மழை பெய்யாத மதியம் என்று ஒன்று வந்தால் அதைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம். அந்த யோசனைப்படி எங்கள் கடைப்பெண்கள் ஆகஸ்ட் மாதத்துக்குள் அந்த வருட விடுமுறையை முடித்து, அடுத்த வருடத்து விடுமுறையிலும் பாதியைக் கடைக்குள் நின்றபடியே அனுபவித்துத் தீர்த்தார்கள்.

பிறகு நாற்காலிச் சட்டம் வந்தது.

கடையிலும் அதைப் போன்ற தொழில்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு முதுகு சாய்க்கும் நாற்காலி போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. இடையிடையே உட்கார விட வேண்டும். எப்படி விடுவோம் என்பதைக் கடையின் ஒழுங்குவிதியில் எழுதி வைக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். மனிதன் நாற்காலியைக் கண்டுபிடித்துச் சில ஆயிரம் வருடம் ஆன பிறகு, நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் மெத்தை வைத்த இருக்கைகளில் சாய்ந்தபடி யோசித்து, கடைப்பெண்ணும் உட்காரலாம் என்ற முடிவுக்கு வந்தன. ஒழுங்குவிதியை எழுதிக்கொள்ள ஆறு மாத அவகாசம் வேறு. உட்கார்வது எப்படி என்று படித்துத் தேறுவதற்காக இருக்கும்.

ஐந்து நாற்காலி வாங்கிப் போட்டிருந்தால் ஒரு காலையில் முடிந்திருக்க வேண்டிய காரியம். எங்கள் முதலாளிகள் கூட்டத்துக்குப் போனார்கள்.

முன் வரிசையில் இருந்தவர் தோஞா காசில்தா மோந்த்ராகோன். பெரிய மனுஷியைத் ‘தோஞா’ என்றும் பெரிய மனுஷனைத் ‘தோன்’ என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ‘ஷீபா ராணி’ துணிக்கடையின் சொந்தக்காரி. கணவர் தோன் இலாரியோ காலமான பிறகு கடையைத் தனியாளாக நடத்துகிறவர். “இங்க முதலாளி தொழிலாளின்னு யாரும் இல்ல, நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்று தினமும் சொல்வார். அந்தக் குடும்பத்தில் ஐந்து பெண்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை நின்றார்கள். அவர்களில் மூத்தவள் ரெமேதியோஸ். ரெமே என்றால்தான் தெரியும். ஐம்பத்தொரு வயது, அதே மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம். இடது கணுக்காலுக்கு மேலே நரம்பு வெடித்து ஒரு புண். நிற்பதை விடாவிட்டால் அது ஆறாது என்று காப்பீட்டு மருத்துவமனை டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அந்த மருத்துவமனைக்குள் நுழைய முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. அது ரெமேவுக்கே தெரியும். நின்றால் கால் போகும், போனால் டாக்டர் போவார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி.

லிக்குக்கு அந்தக் கடையின் பின்னறையில் ஒரு மேசை உண்டு. ஒழுங்குவிதி அங்கேதான் பிறந்தது.

“அஞ்சு நாற்காலியா?” என்றார் தோஞா காசில்தா. “அஞ்சு போட்டா இது துணிக்கடையா லிக், இல்ல பல் டாக்டர் வெயிட்டிங் ரூமா?”

“சட்டம் ‘போதுமான எண்ணிக்கை’ன்னுதான் சொல்லுது தோஞா. எத்தனை போதும்னு யாரு சொல்லணும்?”

“யாரு?”

“நாமதான். ஒண்ணு போதும்.”

“அந்த ஒண்ணுலயும் உக்காந்துட்டாளுங்கன்னா?”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்” என்றார் லிக்.

அவருடைய சிக்கல் இது. நாற்காலி கேட்டால் ‘தரப்படும்’ என்று எழுதினால் தர வேண்டி வரும். ‘தரப்படாது’ என்று எழுதினால் இன்ஸ்பெக்டர் வருவார். தருவதும் ஆகாமல் மறுப்பதும் ஆகாமல் ஒரு சொல் வேண்டும். இரண்டு நாள் அலைந்தவருக்கு, அந்தச் சொல் வீட்டிலேயே கிடைத்தது. குழாய் ரிப்பேர்காரனுக்குப் போன் செய்திருக்கிறார். “அஓரித்தா வரேன், லிக்” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அஓரித்தா. தமிழில் ‘இதோ’ என்று வைத்துக்கொள்ளலாம். குழாய்க்காரனின் இதோ வியாழக்கிழமையைக் குறிக்கும். கடன் வாங்கியவனின் இதோ எந்தக் கிழமையையும் குறிக்காது. விருந்தாளி “இதோ கிளம்பிட்டேன்” என்றால் இன்னொரு முறை காபி போட வேண்டும். ஒருவர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லும் முரட்டுத்தனத்திலிருந்து எங்கள் நாகரிகத்தைக் காப்பாற்றி வருவது இந்த ஒற்றைச் சொல்தான். லிக் அதை எடுத்துச் சட்டப் பத்திரத்தில் வைத்தார். விதி முப்பத்தொன்று: ‘நாற்காலி கோரும் ஊழியர் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். நாற்காலி இதோ வழங்கப்படும்.’

அன்று மாலை சதுக்கத்து வளைவுகளுக்குக் கீழே, பால் காபியைக் கலக்கிக்கொண்டு, செருப்புக்கடைக்காரர் தோன் மெலித்தோனிடம் அதைப் படித்துக் காட்டினார்.

“உலகத்துல எந்த வக்கீலுக்கும் இது தோணல, தெரியுமா?”

“தோணாம இருக்க ஏதாவது காரணம் இருக்கும், லிக்” என்றார் தோன் மெலித்தோன். ஆனாலும் ஒரு நகல் வாங்கிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ரொட்டிக்கடைக்காரரும் ஒன்று வாங்கிக்கொண்டார். டிசம்பருக்குள் எங்கள் தெருவில் பதினோரு கடைகளின் ஒழுங்குவிதியில் ‘இதோ’ ஏறிவிட்டது.

‘ஷீபா ராணி’யில் ஐந்து பெண்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நாலு பேர் படிக்காமல் போட்டார்கள். ரெமே கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“லிக், இதுல ‘இதோ’ன்னு போட்டிருக்கே, அது எப்போ?”

“இதோன்னா இதோதான், ரெமே.”

“எங்க வீட்டு இதோவா, தோஞா வீட்டு இதோவா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “கையெழுத்துப் போடு மகளே, கடையில ஆள் நிக்குது” என்றார் தோஞா. ரெமே போட்டாள்.

நாற்காலியும் வந்தது. ஒன்று. கறுப்பு மெத்தை, உயர்ந்த முதுகு, மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக் உறை. பின்னறை வாசலில், குவாதலூப்பே மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள். உறையைப் பிரிக்க யாருக்கும் அனுமதி இல்லை. “இன்ஸ்பெக்டர் வரப்ப புதுசா இருக்கணும்” என்றார் தோஞா. மாதாவுக்கு எதிரே போகிற பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கம். ஒரு வாரத்தில் அது நாற்காலிக்குப் போடுவது போல ஆகிவிட்டது.

ஜனவரி பிறந்தது. துணிக்கடைக்கு அதுதான் அறுவடை. கிறிஸ்துமஸுக்கு நாற்பதாம் நாள் வரும் மெழுகுவர்த்தித் திருநாளுக்குள் ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பாலகன் ஏசுவுக்கும் புதுச் சட்டை தைத்தாக வேண்டும். பொம்மையைக் கைக்குழந்தை போலச் சால்வையில் சுற்றி எடுத்து வருவார்கள். அளவு பார்க்கும்போது தலையைத் தாங்கிப் பிடிப்பார்கள். சட்டை போட்ட பாலகனை உட்கார வைக்கச் சின்னச் சின்ன நாற்காலிகளும் கடையில் விற்பனைக்கு உண்டு. தங்கப் பூச்சு, சிவப்பு வெல்வெட், முதுகு சாய்க்கும் வசதி.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. காலை ஒன்பதிலிருந்து ரெமே வெள்ளை சாட்டின் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குக் கால்புண்ணில் போட்டிருந்த கட்டு நனைந்தது.

“தோஞா, நாற்காலி வேணும். பத்து நிமிஷம்.”

“இதோ, மகளே.”

பன்னிரண்டரைக்கு மறுபடி கேட்டாள். “இதோ, இதோ” என்றார் தோஞா, இரண்டு முறை; அவசரம் என்பதைப் புரிந்துகொண்ட மாதிரி. இரண்டு மணிக்கு வரிசையின் முன்முனைக்கு ஒரு பருத்த அம்மாள் பாலகனோடு வந்து சேர்ந்தாள்.

“தோஞா காசில்தா, இவனை எங்கயாவது உக்கார வைங்களேன். காலைலேருந்து என் தோள்லயே கெடக்கான், பாவம், முதுகு வலிக்கும்.”

“அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா செஞோரா!” தோஞா ஓடிப்போய்த் தங்க நாற்காலி ஒன்றை எடுத்து வந்து, தூசி தட்டி, பாலகனை வாங்கி, இடுப்புக்குப் பின்னால் ஒரு துணிச்சுருளையும் வைத்து உட்கார வைத்தார். சாய்மானம் சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

ரெமே கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அவருக்குக் கெடைச்சிருச்சு. அவருக்கு இன்னும் நாப்பது நாள்கூட ஆகல. எனக்கு அம்பத்தொண்ணு.”

நடந்துபோய்ப் பின்னறை வாசலில் உட்கார்ந்தாள். பொரித்த பன்றித்தோலை யாரோ மிதித்தது போல பிளாஸ்டிக் நொறுங்கியது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“எந்திரி! அது இன்ஸ்பெக்டருக்கு!”

“அவர் வந்தா எந்திரிக்கிறேன், தோஞா.”

வரிசையில் சிரிப்பு ஓடியது. கையில் பாலகனை வைத்துக்கொண்டு சிரிப்பது பாவமில்லையா என்று யாருக்கும் தோன்றவில்லை. ரெமே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அந்த இருபது நிமிடத்தில், அவளுக்கு மூன்றடி தள்ளி, தன் மேசையில் லிக் வேலைநீக்கக் கடிதம் எழுதினார். குற்றம் ஒன்று, கீழ்ப்படியாமை. குற்றம் இரண்டு, கடைச் சொத்தான உறைக்குச் சேதம். கிழிந்த இடத்தை அளந்தும் போட்டிருந்தார்: பதினாலு சென்டிமீட்டர். மாலைக்குள் அவள் குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டாள். அவளுடைய கத்தரிக்கோல் நல்ல கூர்மை என்பதால், மற்ற நாலு பேரில் அதை யார் எடுத்துக்கொள்வது என்பதில் மட்டும் கொஞ்சம் பேச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை ரெமே சமரச மையத்துக்குப் போனாள். இப்போதெல்லாம் தொழிலாளர் வழக்கு நீதிபதியிடம் போவதற்கு முன்னால் அங்கே ஒரு முறை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நடுவில் லிக் ஆள் அனுப்பி, சட்டப்படி சேர வேண்டிய பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடச் சொன்னார்.

“என் காலுக்குக் கட்டு மாத்துறது அந்தக் கடை சீட்டைக் காட்டித்தான்” என்று சொல்லியனுப்பினாள் ரெமே. “எனக்கு என் மேசை வேணும். உக்காந்துக்கிட்டு.”

சமரச அதிகாரி யாதீரா என்ற முப்பது வயதுப் பெண். ஜலதோஷம். மேசையில் ஒரு பெட்டி டிஷ்யூ, பாதி உரித்த ஆரஞ்சு. தோஞா காசில்தா தேவாலயத்துக்குப் போடும் கறுப்பு உடையில் வந்திருந்தார். பின்னாலேயே கோப்போடு லிக்.

“நீங்க?” என்றாள் யாதீரா.

“லிசென்சியாதோ எவோதியோ பாரியெந்தோஸ், தோஞாவோட சட்ட ஆலோசகர்.”

“உரிமம் எண் சொல்லுங்க லிசென்சியாதோ.”

“அது... நடவடிக்கையில இருக்கு.”

“எத்தனை நாளா?”

லிக் கூரையைப் பார்த்தார். யாதீரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, அப்ப நீங்க தோஞாவோட நண்பரா வந்திருக்கீங்க. நண்பர்கள் இங்க பேச மாட்டாங்க. அந்தச் சுவர் பக்கமா நில்லுங்க, காத்து வரும்.”

ஆக, பேச வேண்டியது தோஞாதான். அவர் வாழ்நாளில் யாரும் அவர் பேச்சைக் குறுக்கே நிறுத்தியதில்லை. அதனால் பேசுவதில் பயமே இல்லை.

“பதினோரு மணிக்கு இவங்க நாற்காலி கேட்டாங்களா?”

“கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“இதோன்னு சொன்னேன். நான் என்ன, மரியாதை தெரியாதவளா?”

“அப்புறம்?”

“ரெண்டு மணிக்குத் திமிரா போய் உக்காந்துட்டா.”

யாதீரா ஒழுங்குவிதியைப் புரட்டி முப்பத்தொன்றில் விரலை வைத்தாள். “நாற்காலி இதோ வழங்கப்படும். இது நீங்க எழுதினதா?”

“இவர் எழுதினார்” என்று தோஞா சுவரைக் காட்டினார்.

“இதோன்னா எப்போ, தோஞா?”

“இதோன்னா... அப்புறமா. கொஞ்ச நேரம் கழிச்சு. உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் இந்த ஊர்தானே.”

“அகராதியில ‘இந்த நொடியே’ன்னு இருக்கு.”

“அகராதி எழுதினவன் எந்த ஊர்க்காரனோ!”

“அப்ப இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு சொல்றீங்க.”

சுவரோரம் லிக் தலையை இடவலமாக ஆட்டினார், கையை ஆட்டினார், கடைசியில் கோப்பையே ஆட்டினார். தோஞா அதைப் பார்த்தார்; இன்னும் தைரியமாகச் சொல்லச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

“ரெண்டா? பத்து அர்த்தம் இருக்கு!”

“ரெண்டு போதும் தோஞா.” யாதீரா ஒரு ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். “அர்த்தத்துல சந்தேகம் வந்தா தொழிலாளிக்கு எது சாதகமோ அப்படித்தான் படிக்கணும். அது புதுச் சட்டம் இல்ல, உங்க கடையை விடப் பழைய சட்டம். அப்படிப் படிச்சா, பதினோரு மணிக்கே நாற்காலி குடுத்தாச்சு. இவங்க ரெண்டு மணிக்குத்தான் உக்காந்திருக்காங்க. மூணு மணி நேரம் லேட்டா உக்காந்ததுக்கு வேணும்னா இவங்களைக் கண்டிக்கலாம்.”

“மன்னிச்சிருங்க தோஞா, கடையில கூட்டமா இருந்துச்சு” என்றாள் ரெமே.

“நான் நீதிபதி இல்ல” என்றாள் யாதீரா. “தீர்ப்பு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனா நீதிபதியும் இதே காகிதத்தைத்தான் படிப்பாரு. அவருக்கு ஜலதோஷம் இருக்காது, மெதுவா படிப்பாரு.”

அரை மணியில் உடன்பாடு எழுதி முடித்தார்கள். ரெமே பழைய இடத்துக்குத் திரும்புகிறாள். சேவைக் காலம் அறுபடாது. வெட்டும் மேசைக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு நாற்காலி.

“உறை இல்லாமன்னு போடுங்க, செஞோரித்தா” என்றாள் ரெமே. போட்டார்கள்.

கடைக்கு நாற்காலி வந்தது. காலுக்குக் கட்டு மாறியது. மார்ச் கடைசியில் புண் ஓரத்தில் தோல் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர், தன் மருந்துதான் காரணம் என்பது போல. மற்ற நாலு பெண்களுக்கும் தைரியம் வந்து, ரெமே சாப்பிடப் போகும்போது அவள் நாற்காலிக்குச் சண்டை போடத் தொடங்கினார்கள். கடைசியில் தோஞா இன்னும் நாலு வாங்கிப் போட்டார். தன் யோசனை என்று வணிகர் சங்கத்தில் சொல்லிக்கொண்டார். தெருவில் மற்ற பத்துக் கடைக்காரர்களும் ஒழுங்குவிதியைத் தேடி எடுத்து ‘இதோ’வை வெள்ளை மையால் அழித்தார்கள். தோன் மெலித்தோன் அழித்த இடத்தில் வேறென்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறார். இப்போது அவர் கடையில் நாற்காலி காலவரையறை இன்றி வழங்கப்படுகிறது.

இனி லிக்.

உடன்பாட்டில் கையெழுத்து உலர்வதற்குள் தோஞா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “நாளைலேருந்து வர வேணாம்” என்றார். அவ்வளவுதான், கடிதம்கூட இல்லை. வேலைநீக்கக் கடிதம் எழுதுகிறவரே அவர்தானே, யார் எழுதுவது? பதினாலு வருடம், தினமும் ஒன்பதிலிருந்து ஆறு வரை, அந்தப் பின்னறையில் இருந்தவர். ஆனால் காகிதத்தில் அவர் ஊழியர் இல்லை. ‘சட்ட விஷயங்களில் சுயேச்சை ஆலோசகர்.’ அந்த ஒப்பந்தத்தை வரைந்தவர் எவோதியோ பாரியெந்தோஸ். அதில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. காப்பீடு இல்லை, விடுமுறை இல்லை, விலக்கினால் கேட்க வழியும் இல்லை. அருமையான வேலைப்பாடு. வெளியே நின்று பார்க்கும்போதுதான் அவருக்கே அது தெரிந்தது.

ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து தொழிலாளர் சட்டத்தைப் படித்திருக்கிறார், வாழ்வில் முதல் தடவையாக முன்பக்கத்திலிருந்து. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் கணக்கில்லை, ஒருவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து இன்னொருவர் வேலை செய்தால் அவர் ஊழியர்தான் என்று அதில் இருந்தது. தோஞா மேல் வழக்குப் போட, கீழ்ப்படிந்ததைப் பார்த்த சாட்சி வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

தோஞா முடி திருத்தப் போகும் புதன்கிழமையாகப் பார்த்துக் கடைக்கு வந்தார். ரெமே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பதினைந்தாம் பிறந்தநாள் கவுனுக்கு லேஸ் அளந்துகொண்டிருந்தாள். லிக் வரிசையில் நின்று தன் முறை வந்ததும் குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

“நான் சாட்சி சொன்னா மறுபடி என்னை வெளிய அனுப்புவாங்களே, லிக்.”

“அனுப்ப முடியாது ரெமே. சட்டப்படி அது...”

“நீங்க சட்டம் சொல்லாதீங்க. நான் அந்த யாதீராகிட்டக் கேட்டுக்கறேன்.” லேஸை மடித்தாள். “அவங்க கூப்பிட்டா வரேன். கேட்டா உள்ளதைச் சொல்வேன். கூடவும் இல்ல, குறைவும் இல்ல.”

“உள்ளது போதும்! உள்ளதே நமக்குச் சாதகம்!” என்றார் லிக். அவர் வாயில் அந்த வாக்கியம் புதுசு. நோட்டைத் திறந்தார். “என்னென்ன ஞாபகம் இருக்கு, சொல்லு.”

“தினமும் ஒம்பது மணிக்கு முன்னாடி வந்து வெளிய மழையில நிப்பீங்க. சாவி உங்ககிட்ட குடுக்கல. நம்பிக்கை இல்லன்னு தோஞா சொன்னாங்க.”

“நேரக் கட்டுப்பாடு. நல்லது. அப்புறம்?”

“தோஞாவோட நாய்க்குப் பேதியானப்ப, மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல ஓரிசாபா ஊர் நாய் டாக்டர்கிட்டக் கொண்டு போனீங்க.”

“உத்தரவை நிறைவேற்றுதல். பிரமாதம்.”

“திரும்பி வரப்ப உங்க கால்சட்டை...”

“அது வேண்டாமே, ரெமே.”

“உள்ளதைத்தான் சொல்வேன்னு சொன்னேனே லிக்.”

லிக் எழுதினார்.

“தோஞா ஜோக் சொன்னா நீங்கதான் முதல்ல சிரிப்பீங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே.”

“ஆஹா!” லிக்கின் முகம் மலர்ந்தது. “இதைவிடக் கீழ்ப்படிதல் உண்டா? இது நீதிபதிக்கு ரொம்பப் பிடிக்கும். தேதி ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“தேதி என்ன தேதி, தினமும்தான். எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. சத்தமா. கடையில சத்தம் ஜாஸ்தி, எனக்குக் காதுல விழல.”

லிக் நிமிர்ந்து, டையைச் சரிசெய்துகொண்டு, வணிகர் சங்கத்து மாடியில் பேசும் அதே குரலில், மழையிலிருந்து ஜோக் வரைக்கும், கால்சட்டையையும் விடாமல் படித்தார். வரிசை அமைதியாகக் கேட்டது. மற்ற நாலு பெண்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். முடித்ததும் பின்னால் நின்ற ஒரு அம்மாள், கையில் பட்டன் பொட்டலத்தோடு, முன்னால் வந்தாள்.

“தோன் இலாரியோ அடக்கத்துல குடை பிடிச்சீங்களே, அதை விட்டுட்டீங்க. தோஞாவுக்குக்கூட இல்ல, அவங்க தொப்பிக்கு. நீங்க பாட்டுக்கு நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க. நானே பார்த்தேன்.”

லிக் பேனாவை உதறிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ரொம்ப நல்லது செஞோரா, ரொம்ப நல்லது. பேர், விலாசம் சொல்லுங்க. மொத்தம் எவ்வளவு தூரம் பிடிச்சேன்னு ஞாபகம் இருக்கா?”